அவர் காலுக்கு ஒரு கொசு மருந்து

என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. தொட்டால் தெரியாது, கிள்ளினால் தெரியாது, வெந்நீர் கொட்டினால்கூடத் தெரியாது. போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவர். ஜூஜுவாடியில் எங்கள் தெருமுனைக்கே கம்பெனி பஸ் வரும். ஒருநாள் காலை அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனார். சூளகிரியைத் தாண்டியதும் ஒரு லாரி. அவ்வளவுதான்.

ஓசூரிலும் பெங்களூரிலும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது, அவருடைய கால்களைப் பார்த்துக்கொள்வது என் வேலையாகிவிட்டது. தூக்கி வைப்பது, மடக்கி நீட்டுவது, ஒரே பக்கமாக அழுந்திக் கிடக்காமல் திருப்பிப் போடுவது எல்லாம் நான்தான். நர்ஸ் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். சிறுநீர் டியூபை எப்படிக் கழுவுவது, பையை எப்போது மாற்றுவது, லுங்கியின் மடிப்பு தொடைக்கு அடியில் சுருண்டுகொள்ளாமல் எப்படி இழுத்துவிடுவது. பேண்ட் போடவே கூடாது என்றார். தையல் அழுத்தினால்கூட அந்தத் தோலில் புண் வந்துவிடுமாம்.

கொசுவைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை ஈரத்துணியால் துடைத்துவிடும்போது பார்த்தேன். முழங்காலிலிருந்து குதிகால்வரை சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்த மாதிரி இருந்தது. கொசுவலை கட்டித்தான் படுக்க வைத்திருந்தேன். ஆனால் அவர் கால் வலையோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. வெளியே இருந்த கொசு எல்லாம் வலைக்கண் வழியாகவே குடித்துவிட்டுப் போயிருக்கின்றன. நமக்கென்றால் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்வோம். அவர் கால் வைத்த இடத்தில் இருக்கும்.

குதிகாலில் ஒரு கடி மட்டும் உடைந்து புண்ணானது. அந்தப் பனிக்காலம் முழுக்க அது ஆறவில்லை. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "அவருக்கு அரிக்காதும்மா. அரிக்கலைன்னா நல்லதுதானேன்னு நினைக்காதீங்க. நமக்கு ஒரு இடத்துல அரிச்சா அங்க என்னமோ ஆகுதுன்னு தெரியுது. இவருக்குச் சொல்ல ஆள் இல்ல. நீங்கதான் பாத்துக்கணும்."

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேன். பொழுது சாயும் முன்பே ஜன்னலைச் சாத்துவேன். பிளக்கில் சொருகும் கொசு மருந்து எரிந்துகொண்டே இருக்கும். வலையை மெத்தைக்கு அடியில் செருகி, காலுக்கும் வலைக்கும் நடுவே தலையணை வைப்பேன். வீட்டுக்குள் கொசுவை ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வெளியே போவதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் உண்டு. மற்றபடி அந்த அறை, அந்தச் சுவர், அந்த டிவி.

அவருடைய அண்ணன் பேரிகையில் தக்காளியும் கோஸும் போடுகிறார். மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து தம்பியைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு வந்தவர், ஊர் ஏரி ரொம்ப வருஷம் கழித்து நிறைந்திருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் கிளம்பிப் போன பிறகு என் கணவர் டிவியை நிறுத்தினார்.

"ஒருநாள் ஏரிக்குப் போலாமா?" என்று கேட்டார்.

விபத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் அந்த ஏரிக்கரையில்தான் இருப்பார். தூண்டிலைப் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கிடைத்த மீனை அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். அப்போதெல்லாம் அது எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அவர் வாயால் அந்தப் பேச்சு வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து தண்ணீர் வேண்டும், திருப்பிப் போடு, விளக்கை அணை என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்டதில்லை.

"போலாங்க," என்றேன். சொன்ன கையோடு எனக்கு வந்த முதல் கவலை ஏரிக்கரைக் கொசு. அங்கே வலை கட்ட முடியாது, ஜன்னலும் கிடையாது.

அத்திப்பள்ளிப் பக்கம் இருக்கும் மெடிக்கல் ஷாப்பில்தான் அவருக்கு வேண்டிய பையும் டியூபும் வாங்குவேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒரே நேரத்தில் ஒருவரிடம் கன்னடத்திலும் இன்னொருவரிடம் தமிழிலும் பேசிக்கொண்டே மாத்திரையை வெட்டித் தருவார்.

"பாய், கொசு மருந்து வேணும். வூட்டுக்கில்ல, வெளிய போறதுக்கு. உடம்புல தடவிக்கற மாதிரி."

"யாருக்கும்மா, குழந்தைக்கா?"

"இல்ல பாய். அவருக்குத்தான். ஏரிக்குப் போணும்ங்கறாரு."

பாய் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரரு வெளிய வர்றாரா? அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பக்கத்தில் அவசரப்பட்ட ஆளிடம் "ஒந்து நிமிஷா" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேஜையில் பரப்பினார்.

முதலில் கையில் கட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை. "இதைப் பசங்க கலரைப் பாத்து வாங்கிட்டுப் போவாங்க. கையில கட்டினா கைக்கிட்ட வராம இருக்கலாம். காலுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று அதை அவரே தள்ளி வைத்தார். சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கரையும் அப்படியே தள்ளினார். அடுத்தது எலுமிச்சைப்புல் வாசனை அடிக்கும் மூலிகை எண்ணெய். "வாசம் நல்லாருக்கும். வாசம் போச்சுன்னா மருந்தும் போச்சு. அரை மணிக்கு ஒருக்கா தடவிக்கிட்டே இருக்கணும்." கடைசியில் ஒரு க்ரீமும் ஒரு ஸ்ப்ரேயும். "ரெண்டுலயும் ஒரே மருந்துதான். டீட்னு போட்டிருக்கும் பாருங்க. க்ரீம்ல கம்மி, ஸ்ப்ரேல ஜாஸ்தி. ஜாஸ்தின்னா பலமா வெரட்டும்னு இல்லம்மா. ரொம்ப நேரம் நிக்கும், அவ்ளோதான். புண்ணு இருக்கற எடத்துல மட்டும் படக் கூடாது."

எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெய், க்ரீம், ஸ்ப்ரே மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் காலில் நேராகத் தடவிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் என் இடது கையில் தடவிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் மாடிக்குப் போய் நின்றேன். ஜூஜுவாடியில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. கையை நீட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தபடி நிற்பேன். எண்ணெய் போட்ட அன்று, கொடியில் இருந்த துணியை எடுத்து மடிப்பதற்குள் கடித்துவிட்டது. க்ரீம் போட்ட அன்று பரவாயில்லை, கொஞ்சம் பிசுபிசுப்பு. ஸ்ப்ரே போட்ட அன்று ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

நான் கையில் தடவிக்கொள்வதை அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உன் கையில ஏன் தடவிக்கற? போறவன் நான்தானே?"

"உங்களுக்கு எரிஞ்சா தெரியாதுல்லங்க. அதான் எனக்கு எரியுதான்னு பாக்கறேன்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "எரிஞ்சா எவ்ளோ நல்லாருக்கும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்பது போலச் சொன்னார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாட்ச்சைக் கட்டினேன். நான் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா அவரைப் பார்த்துக்கொள்வார். வாட்ச்சின் கறுப்புப் பட்டை உருகின தார் மாதிரி விரலில் ஒட்டியது. ஸ்ப்ரே அடித்தபோது அதைக் கழற்றாமல் விட்டிருந்தேன். மாடியில் நான் கையை ஊன்றியிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போய்ப் பார்த்தேன். அதன் கைப்பிடியில் என் விரல் தடம் மங்கலாகப் பதிந்திருந்தது. ஸ்ப்ரேதான் பிளாஸ்டிக்கை உருக்கியிருக்கிறது. அவருடைய தொடையை ஒட்டித்தான் சிறுநீர் டியூப் போகிறது. மருந்து பட்டு டியூப் அரித்துப்போய் ஒழுகினால், ஈரத்தில் ஊறிக்கிடப்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஷிப்ட் முடிந்ததும் பாயிடம் ஓடினேன். அவர் வாட்ச் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீட் சில பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று அவருக்கும் கேள்விதான். டியூபை என்ன செய்யும் என்று தெரியாது என்றார். "தெரியாததை உங்களுக்குத் தர மாட்டேன். பிகாரிடின்னு இன்னொரு மருந்து இருக்குது. அது பிளாஸ்டிக்கை ஒண்ணும் பண்ணாது, நாத்தமும் இருக்காது. நம்ம பக்கம் யாரும் கேக்கறதில்ல, அதனால வெக்கறதில்ல. பெங்களூர்ல சொல்லி வரவழைக்கறேன்."

அது வந்தது. அதையும் என் கையில் தடவிப் பார்த்தேன். பழைய டியூப் துண்டு ஒன்றில் தடவி ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை, ஒட்டவில்லை, கொசுவும் வரவில்லை. அன்று நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. ஏதோ அவர் காலையே சரிசெய்துவிட்டதைப் போலச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் தக்காளிக் கூடை ஏற்றும் சின்ன யானை மினி லாரியோடு வந்தார். தம்பியைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். வீல்சேரைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினோம். பாகலூர் வழியாகப் போகும்போது ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்களை, புதிதாக முளைத்திருந்த கம்பெனிச் சுவர்களை, பரோட்டாக் கடைகளை என் கணவர் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணனும் தம்பியும் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் ஓயாமல் பேசினார்கள். அவர் அவ்வளவு பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஏரிக்கரையில் ஏற்கெனவே நாலைந்து பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரை சமமாக இருந்த இடத்தில் வீல்சேரை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தார் அண்ணன். நான் கீழே உட்கார்ந்து லுங்கியை முட்டிக்கு மேல் சுருட்டி மருந்தைத் தடவ ஆரம்பித்தேன். விரல் இடுக்கு, பாதம், கணுக்கால், முழங்காலுக்குப் பின்பக்கம். ஒவ்வொரு காலையும் தூக்கி என் மடியில் வைத்துத்தான் தடவ முடியும். குதிகாலில் புண் இருந்த இடத்தை விட்டுவிட்டு, அங்கே பஞ்சு வைத்துக் கெட்டியான சாக்ஸ் மாட்டினேன். தூண்டில்காரர்கள் தக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"போதும் விடு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் அவர். "எல்லாம் பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டுங்க. இன்னும் ஒரு காலு இருக்குது."

தூண்டிலைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. புழுவை அவரே கோத்தார். வீசினார். தக்கை அவர் நினைத்த இடத்தில் போய் விழுந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தக்கை முங்கியது. அவர் சுண்டி இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி மீன் வெயிலில் துள்ளிக்கொண்டு வந்தது.

"டேய், உனக்குக் கை மறக்கலடா!" என்று கத்தினார் அண்ணன்.

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அதற்கப்புறம் அவருக்கு மீன் கிடைத்துக்கொண்டே இருந்தது. வாளியில் தண்ணீர் சலசலத்தது.

வெயில் தணிந்ததும் கொசு கிளம்பியது. கோரைப்புல்லுக்குள்ளிருந்து புகை மாதிரி எழுந்து வந்தது. அண்ணன் கழுத்தில் அறைந்துகொண்டார். தூண்டில்காரர்கள் ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் தேய்த்துக்கொண்டார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு நான் மருந்து போட்டுக்கொள்ளவே இல்லை. பாதம் இரண்டும் பற்றி எரிந்தன. அவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து அவர் கால்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கொசுக்கள் அருகே வந்து, தயங்கி, விலகிப் போயின.

"பாருங்க, ஒண்ணுகூட உக்காரல!" என்றேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

"ஆமா," என்றார் அவர். கரையில் அறைந்துகொண்டும் சொறிந்துகொண்டும் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாரையும் கடிக்குது. என்னை மட்டும் கடிக்கல."

அவர் சந்தோஷமாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

நானும் அண்ணனும் வாளியையும் புழு டப்பாவையும் வண்டியில் வைக்கப் போனோம். அண்ணன் கயிற்றைத் தேட அங்கேயே நின்றுவிட்டார். நான் மட்டும் திரும்பி வந்தேன். என் கணவர் லுங்கியை மேலே ஏற்றி, மீன் துடைக்க வைத்திருந்த ஈரத்துண்டால் வலது முழங்காலை அழுத்தி அழுத்தித் துடைத்திருந்தார். துண்டு மடியில் கிடந்தது. அவர் குனிந்து முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சத்தம் போடாத." விரலை உயர்த்திக் காட்டினார். "உக்காந்துடுச்சு."

முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கொசு. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு அவசரமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. வயிறு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து வருவது மங்கின வெளிச்சத்திலும் தெரிந்தது.

"கண்ணால பாத்துக்கிட்டே இருந்தா தெரியுமோன்னு நெனச்சேன்," என்றார். "எங்கயாவது ஒரு ஓரத்துல. ஊசி முனையாட்டம் கொஞ்சமாவது."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரே, தெரிந்துவிடாதா என்று. கொசுவின் வயிறு நிறைந்து உருண்டது. அவர் மெல்ல நிமிர்ந்தார். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. ஓங்கி அடித்தேன். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துப் புல்லிலிருந்து ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. என் உள்ளங்கையில் அவருடைய ரத்தம்.

சத்தம் கேட்டு அவர் திரும்பினார். என் கையைப் பார்த்தார், பிறகு முட்டியைப் பார்த்தார்.

"அடிச்சியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"பலமாவா?"

நான் தலையாட்டினேன். முட்டிக்கு மேல் என் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவர் லுங்கியை இழுத்து மூடிக்கொண்டார். அண்ணன் கயிற்றோடு வந்து, "கிளம்பலாமாடா, இருட்டுது," என்றார். "கிளம்பலாம்ணா," என்றார் அவர். மீன் முழுவதையும் அண்ணன் வீட்டிலேயே கொடுத்துவிட்டோம். அண்ணி குழம்பு வைத்துத் தருகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எவ்வளவோ சொன்னார். அவர் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டார். வீடு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கடியை நான் தினமும் பார்த்தேன். புண்ணாகும், சீழ் வைக்கும், ஜுரம் வரும் என்று பயந்து பயந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சிறிய தடிப்பாக இருந்து, மறைந்தே போனது. உடம்பு அதை மறந்துவிட்டது.

அவர் மறக்கவில்லை. அதற்கப்புறம் எங்கேயும் போகலாம் என்று கேட்கவில்லை. அடுத்த தடவை அண்ணன் வந்தபோது, பரணில் இருந்த தூண்டில்களை எல்லாம் எடுத்துத் தரச் சொன்னார். "ஊர்ல யாருக்காவது குடுத்துடுண்ணா," என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபி பையனையும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "அவனுக்கு ஏன் சிரமம்?" என்றார்.

இப்போது எங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. லைனில் வேலை செய்யும் பெண்கள் ஒகேனக்கல், ஏற்காடு, கோவா என்று எங்கே கிளம்பினாலும் என்னிடம் வந்து, "அக்கா, கொசுவுக்கு எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் பொறுமையாகச் சொல்கிறேன். பட்டையும் ஸ்டிக்கரும் வேண்டாம். மருந்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். வெயிலுக்கு க்ரீம் போடுவதென்றால் அதை முதலில் போட்டுவிட்டு, காய்ந்த பிறகு இதைப் போடுங்கள். கண்ணாடி, வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டுப் போடுங்கள். பகலிலும் கடிக்கிற கொசு உண்டு, சாயங்காலம்வரை காத்திருக்காதீர்கள். அவர்கள் போய்விட்டு வந்து போட்டோ காட்டுகிறார்கள். அருவிக்குக் கீழே நனைந்துகொண்டு, பரிசலில் உட்கார்ந்துகொண்டு, கையையும் காலையும் நீட்டிக்கொண்டு. ஒரு கடிகூட இல்லை அக்கா என்கிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான். போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்க மட்டும் முடிவதில்லை.

போன மழைக்கும் ஏரி நிறைந்து கலங்கல் வழியாக வழிந்து ஓடியதாம். அண்ணன் வந்து சொன்னார். வண்டி எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் கணவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அண்ணன் காபியைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், "உன்னையாவது பாத்துக்கம்மா," என்றார்.

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் சாக்கடை. தினமும் கணுக்காலில் கடி வாங்கிக்கொண்டுதான் வருகிறேன். எனக்கென்று மருந்து போட்டுக்கொள்ள ஏனோ தோன்றுவதில்லை. வீட்டுக்கு வந்தால் பயங்கரமாக அரிக்கிறது. அவர் எதிரில் நான் சொறிந்துகொள்வதில்லை. அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் தோல் உரியும்வரை சொறிகிறேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அவரைத் திருப்பிப் போட உள்ளே போகிறேன்.